காந்தமும் மீக்கடத்தியும்: பகை உறவான வரலாறு

இரும்பாணி, செம்புக் கம்பி, பித்தளைச் சாவி, தையலூசி, அழிப்பான் ஆகியவற்றை மேசைமீது பரப்பிக் காந்தத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தால், தொடக்கப்பள்ளி மாணவன் சில நொடிகளில் அவற்றை இரு குவியல்களாகப் பிரித்துவிடுவான். ஈர்க்கப்படுவன ஒருபுறம், ஈர்க்கப்படாதன மறுபுறம். பொருள்களை இவ்வாறு வகைப்படுத்துவதே விஞ்ஞானத்தின் முதற்பாடம். ஆயின், வகைப்படுத்தியபின் ஒரு குவியலைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட்டால் என்ன நேரும்? மீக்கடத்திகளைத் தேடிய அறிஞர்கள் நெடுங்காலம் அவ்வாறுதான் செய்தனர். இரும்பு, கோபால்ட், நிக்கல், கடோலினியம் முதலிய காந்தத் தனிமங்களை அவர்கள் தங்கள் தேடலிலிருந்து விலக்கினர். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. ஆய்வின் சான்றும் இருந்தது. எனினும் ஒதுக்கிய அக்குவியலிலிருந்தே பிற்காலத்தில் அரிய மீக்கடத்திகள் பல கிடைத்தன. அவ்வரலாற்றை முறையாக அறிவது, ஒரு விதி எவ்வாறு பிறக்கிறது, எவ்விடத்தில் அதன் எல்லை முடிகிறது என்பதையும் அறிவதாகும்.

மீக்கடத்தி என்பது யாது?

செம்புக் கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது எலக்ட்ரான்கள் இடையிலுள்ள அணுக்களின் அதிர்வில் மோதித் தடைப்படுகின்றன. இதுவே மின்தடை. கம்பி சூடேறுவது இதனால்தான். உலோகத்தைக் குளிரவைத்தால் அணுக்களின் அதிர்வு குறையும், மின்தடையும் குறையும். வெப்பநிலையை மிகவும் தாழ்த்தினால் மின்தடை என்னவாகும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடை காணப்படாத வினாவாக இருந்தது.

ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் ஆராய்ச்சி நடத்திய காமர்லிங் ஓன்னெஸ், 1908ஆம் ஆண்டில் ஹீலிய வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். அத்திரவத்தின் துணைகொண்டு 1911ஆம் ஆண்டில் பாதரசத்தைக் குளிரவைத்து அளந்தபோது, ஏறத்தாழ 4.2 கெல்வின் வெப்பநிலையில் அதன் மின்தடை திடீரென மறைந்தது. பனிக்கட்டி உருகும் நிலைக்கு 269 பாகை கீழேயுள்ள குளிர்ச்சி அது. மின்தடை குறைந்தது என்பதன்று செய்தி. அறவே இல்லாது போயிற்று என்பதே. இந்நிலையை அடையும் பொருளே மீக்கடத்தி. அந்நிலை தோன்றும் வெப்பநிலையை அப்பொருளின் மாறுநிலை வெப்பநிலை என்பர்.

1913ஆம் ஆண்டுக்குள் வெள்ளீயமும் காரீயமும் அவ்வகையினவே என்பது தெரியவந்தது. பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கிலிருந்து உலகெங்கும் சென்ற வெள்ளீயம், 3.7 கெல்வினில் மீக்கடத்தியாகும் உலோகமாகும். காரீயத்திற்கு அவ்வெப்பநிலை 7.2 கெல்வின்.

மீக்கடத்திக்கு மற்றோர் இயல்பும் உண்டு. 1933ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான மைஸ்னரும் ஒக்சென்பெல்டும் அதனைக் கண்டறிந்தனர். மீக்கடத்தி தன்னுள் காந்தப்புலத்தை இருக்கவிடாது, வெளியே தள்ளிவிடும். மீக்கடத்தியின்மேல் வைத்த காந்தம் அந்தரத்தில் மிதப்பது இதனாலேயே. ஆனால் இத்தள்ளும் ஆற்றலுக்கு எல்லை உண்டு. வலிமை மிகுந்த காந்தப்புலத்தில் வைத்தால் மீக்கடத்து நிலை அழிந்து, பொருள் மீண்டும் சாதாரண உலோகமாகிவிடும். இதனை ஓன்னெஸ் 1914ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். காந்தத்திற்கும் மீக்கடத்திக்கும் இடையே பகை உண்டு என்னும் எண்ணத்திற்கு இதுவே முதல் வித்து.

இணைசேரும் எலக்ட்ரான்கள்

மின்தடை ஏன் மறைகிறது என்பதற்கு நிறைவான விளக்கம் 1957ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் ஆகிய மூவரும் அதனை வகுத்தனர். அதற்காக 1972ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றனர்.

அவர்கள் கூறிய விளக்கத்தின் சாரம் வருமாறு. எலக்ட்ரான்கள் எதிர்மின்னேற்றம் உடையவை, ஒன்றையொன்று விலக்குபவை. ஆயினும், உலோகத்தினுள் ஓர் எலக்ட்ரான் செல்லும்போது சுற்றியுள்ள நேர்மின் அணுக்கள் அதனை நோக்கிச் சிறிது நகர்கின்றன. எலக்ட்ரான் கடந்து சென்றபின்னும் அவ்விடத்தில் சற்று நேரம் நேர்மின்னேற்றம் மிகுந்திருக்கும். அது மற்றோர் எலக்ட்ரானைத் தன்பால் ஈர்க்கும். இவ்வாறு இரண்டு எலக்ட்ரான்கள் அணுக்களின் வாயிலாக மறைமுகமாக இணைசேர்கின்றன. இவற்றைக் கூப்பர் இணைகள் என்பர். கோடிக்கணக்கான இணைகள் யாவும் ஒரே ஒழுங்கில் இயங்குவதால், தனித்தனி மோதல்கள் அவற்றின் ஓட்டத்தைத் தடைசெய்ய இயலுவதில்லை.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒவ்வோர் எலக்ட்ரானும் தற்சுழற்சி என்னும் இயல்பு உடையது. அதனால் அது ஒரு நுண்ணிய காந்தத் துண்டு போன்றது. கூப்பர் இணையில் உள்ள இரண்டின் தற்சுழற்சிகளும் எதிரெதிர்த் திசைகளில் அமைந்திருக்கும். ஒன்று மேல்நோக்கியதாயின் மற்றொன்று கீழ்நோக்கியதாக இருக்கும்.

பள்ளித் திடலில் மாணவர்கள் இருவர் இருவராகக் கைகோத்துச் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வோர் இணையிலும் ஒருவன் கிழக்கு நோக்கியும் மற்றவன் மேற்கு நோக்கியும் நிற்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. திடலில் ஆங்காங்கே கம்பம் நட்டிருந்தால் இணைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு சென்றுவிடும், கை விடுபடாது. காந்தத்தன்மையற்ற அந்நிய அணு இத்தகைய கம்பம் போன்றது. ஆனால் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் நடுவில் நின்று, 'அனைவரும் கிழக்கே திரும்புக!' என்று ஆணையிட்டால், இணையில் ஒருவனுக்கு இடர் இல்லை. மற்றவனோ திரும்ப வேண்டியவனாகிறான். கைகள் விடுபடுகின்றன. காந்த அணு செய்யும் வேலை இதுவே. அது எல்லா எலக்ட்ரான்களின் தற்சுழற்சியையும் ஒரே திசைக்குத் திருப்ப முயன்று, இணைகளைப் பிரித்துவிடுகிறது.

நூற்றுக்கு ஒரு பங்கு

இவ்விளக்கம் வெளிவந்த காலத்திலேயே ருஷ்ய அறிஞர் கின்ஸ்பர்க், இரும்பைப் போன்ற காந்தப்பொருள் மீக்கடத்தியாக இருக்க இயலுமா என்று ஆராய்ந்தார். காரீயத்தின் மீக்கடத்து நிலையை அழிக்க 0.08 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலம் போதும். முழுமையாகக் காந்தமேறிய இரும்பின் உள்ளேயோ 2 டெஸ்லாவுக்கு மேற்பட்ட காந்தம் இருக்கிறது. அதாவது, இருபத்தைந்து மடங்குக்கும் மேல். தன் வயிற்றிலேயே இத்துணைப் பகையைச் சுமக்கும் பொருள் மீக்கடத்தியாவது அரிது என்பதே முடிவு.

இதனை ஆய்வால் நிறுவும் வாய்ப்பு 1958ஆம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெர்ன்ட் மத்தியாஸ், தம் தோழர்களான சூல், கோரன்ஸ்விட் ஆகியோருடன் ஓர் எளிய சோதனையைச் செய்தார். லாந்தனம் என்னும் உலோகம் இயல்பாகவே மீக்கடத்தி. அதனோடு அருமண் தனிமங்களை ஒவ்வொன்றாக, நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கலந்து, மாறுநிலை வெப்பநிலை எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தனர்.

அருமண் தனிமங்கள் என்பவை லாந்தனத்தையும் அதனை அடுத்து வரும் பதினான்கு தனிமங்களையும் கொண்ட குடும்பம். மலேசியாவில் ஈயம் அரித்தெடுத்தபின் எஞ்சும் 'அமாங்' என்னும் கனத்த மணலில் காணப்படும் மோனசைட், ஜெனோடைம் ஆகிய கனிமங்களில் இத்தனிமங்கள் உள்ளன. வேதியியல் இயல்பில் இவை உடன்பிறந்தோரைப் போல ஒத்திருப்பினும் காந்த இயல்பில் பெரிதும் வேறுபடும். ஆகவே இச்சோதனைக்கு அவை மிகப் பொருத்தமாயின.

முடிவு வியப்பூட்டுவதாக இருந்தது. கடோலினியத்தைக் கலந்தபோது கேடு மிகுதியாயிற்று. ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சேர்ந்ததும் லாந்தனத்தின் மீக்கடத்து நிலை மறையும் எல்லைக்கு வந்துவிட்டது. இதில் நுட்பமான செய்தி ஒன்று பொதிந்திருந்தது. மொத்தக் காந்த வலிமையில் டிஸ்புரோசியமும் ஹோல்மியமும் கடோலினியத்தை விட மேலானவை. எனினும் அவை விளைத்த கேடு குறைவே. கடோலினியத்தின் சிறப்பு யாதெனின், அதன் அணுவில் ஏழு எலக்ட்ரான்கள் துணையின்றி, ஒரே திசைத் தற்சுழற்சியுடன் நிற்கின்றன என்பதாகும். ஆகவே, மீக்கடத்தலைக் கெடுப்பது காந்தத்தின் மொத்த வலிமை அன்று. தற்சுழற்சியே என்பது தெளிவாயிற்று. திடலில் நின்று ஆணையிடும் ஆசிரியரின் உருவம் பெரிதா சிறிதா என்பதன்று, குரலே பொருட்டாயிற்று.

1960ஆம் ஆண்டளவில் ருஷ்யாவில் அப்ரிகோசோவும் கோர்க்கோவும் இதற்குரிய கணக்கையும் வகுத்துத் தந்தனர். காந்த அணுக்கள் பெருகப் பெருக மாறுநிலை வெப்பநிலை எவ்வாறு விரைந்து தாழும் என்பதை அக்கணக்கு காட்டியது. ஆய்வும் கணக்கும் ஒத்துப்போயின. எனவே, மீக்கடத்தி தேடுவோர் காந்தத் தனிமங்களை விலக்குக, ஆக்சிஜனை விலக்குக, மின்கடத்தாப் பொருள்களை விலக்குக என்னும் அறிவுரை மத்தியாஸின் பெயரால் ஆய்வுக்கூடங்களில் வழங்கலாயிற்று.

இருமுறை மாறும் பொருள்

விதியைத் தந்தவரே அதன் விலக்கையும் காண நேர்ந்தது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. 1977ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மேப்பிள், மத்தியாஸ் முதலியோர் அடங்கிய குழுவினர், எர்பியம், ரோடியம், போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த சேர்மம் ஒன்றை ஆராய்ந்தனர். ஓர் எர்பியம் அணுவுக்கு நான்கு ரோடியம் அணுக்களும் நான்கு போரான் அணுக்களும் கொண்டது அது. எர்பியமோ வலிய காந்தத் தனிமம். ஆயினும் அச்சேர்மம் 8.7 கெல்வினில் மீக்கடத்தியாயிற்று.

லாந்தனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கே கேடு விளைக்க, இங்கே ஒன்பதில் ஒரு பங்கு காந்த அணுக்கள் இருந்தும் மீக்கடத்து நிலை எவ்வாறு தோன்றியது? விடை அணுக்கள் அமர்ந்துள்ள இடத்தில் இருக்கிறது. இச்சேர்மத்தில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ரோடியம், போரான் அணுக்கூட்டங்களிடையே உலவுகின்றன. எர்பியம் அணுக்கள் ஒன்றுக்கொன்று விலகி, தத்தம் இடங்களில் ஒழுங்காக அமர்ந்துள்ளன. அவற்றின் காந்தத்திற்குக் காரணமான எலக்ட்ரான்களும் அணுவின் உட்புறத்தில் ஆழ்ந்து கிடப்பவை. ஆகவே ஆணையிடும் குரல் திடலை வந்தடையும்போது மெலிந்துவிடுகிறது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. மேலும் குளிரவைத்து 0.9 கெல்வினை அடைந்தபோது, இழந்த மின்தடை திரும்பிவந்தது! சாதாரணமாக மீக்கடத்தியை மேலும் குளிர்வித்தால் அந்நிலை உறுதிப்படுமேயன்றிக் கெடாது. இங்கே நேர்மாறாக நிகழ்ந்தது. காரணம், அதுவரை வெப்ப அதிர்வினால் திசைக்கொன்றாக அலைந்துகொண்டிருந்த எர்பியத்தின் நுண்காந்தங்கள், அந்தக் கடுங்குளிரில் அனைத்தும் ஒரே திசையில் அணிவகுத்தன. இரும்பில் காணப்படும் இத்தகைய ஒருதிசைக் காந்த ஒழுங்கினை அயக்காந்தம் என்பர். பிரிந்து நின்று முணுமுணுத்த குரல்கள் ஒன்றுகூடி முழங்கியதும் இணைகள் சிதறின. அதே ஆண்டில் ஜெனீவாவில் இஷிகாவா, பிஷர் ஆகிய இருவரும் ஹோல்மியம், மாலிப்டினம், கந்தகம் ஆகியவை சேர்ந்த சேர்மத்திலும் இத்தகைய மாற்றத்தைக் கண்டனர். அது 1.8 கெல்வினில் மீக்கடத்தியாகி, ஏறத்தாழ 0.65 கெல்வினில் அந்நிலையை இழந்தது.

இவ்விரு நிலைகளும் சந்திக்கும் எல்லையில் ஒருவகை உடன்பாடும் காணப்பட்டது. நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தபோது, எர்பியச் சேர்மத்தில் 1 கெல்வினை ஒட்டிய குறுகிய வெப்பநிலை எல்லைக்குள், காந்தத்தின் திசை ஒரே சீராக இல்லாமல், ஏறத்தாழ 100 ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு ஒருமுறை அலைபோல் மாறிமாறி அமைந்திருந்தது தெரியவந்தது. ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம். காந்தம் முழுமையாக அணிவகுக்கவும் இல்லை. மீக்கடத்தல் முற்றாக விலகவும் இல்லை. இரண்டும் விட்டுக்கொடுத்துச் சிறிது தூரம் உடன் சென்றன எனலாம்.

எதிரெதிர் அணிவகுப்பு

காந்த ஒழுங்கு அனைத்தும் ஒரே வகையின அல்ல. சில பொருள்களில் ஓர் அணுவின் நுண்காந்தம் மேல்நோக்கினால் அடுத்த அணுவினுடையது கீழ்நோக்கும். இதனை எதிர் அயக்காந்தம் என்பர். இங்கே ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடுவதால் மொத்தக் காந்தம் வெளிப்படாது. கூப்பர் இணையின் இரு எலக்ட்ரான்களும் அருகருகே ஒட்டியிருப்பன அல்ல. பல பொருள்களில் அவற்றிடையே நூற்றுக்கணக்கான ஆங்ஸ்ட்ராம் தொலைவு இருக்கும். அத்தொலைவுக்குள் மேலும் கீழுமாக எத்தனையோ அணுக்கள் அடங்கிவிடுகின்றன. அவற்றின் ஆணைகள் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் இணைக்குத் தீங்கு நேர்வதில்லை.

1994ஆம் ஆண்டில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினரும் பெல் ஆய்வுக்கூடத்தினரும் வெளிப்படுத்திய ஒரு புதிய குடும்பம் இதனை நன்கு விளக்கிற்று. அருமண் தனிமம், நிக்கல், போரான், கார்பன் ஆகிய நான்கும் சேர்ந்த சேர்மங்கள் அவை. அருமண் இடத்தில் காந்தத்தன்மையற்ற லுட்டீசியத்தை வைத்தால் 16 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தியாகும். எர்பியத்தை வைத்தால் 10.5 கெல்வினில் மீக்கடத்தியாகி, 6 கெல்வினில் எதிர் அயக்காந்த ஒழுங்கையும் பெறும். அதன் பின்னும் மீக்கடத்து நிலை நீடிக்கும். 2.3 கெல்வினுக்குக் கீழே மெல்லிய அயக்காந்தமும் தோன்றும். அப்போதும் மீக்கடத்து நிலை அழிவதில்லை. இதில் மற்றொரு பாடமும் உண்டு. நிக்கல் தனித்திருக்கையில் காந்தப்பொருள். ஆனால் இச்சேர்மங்களில் அது தன் காந்தத்தன்மையை இழந்து நிற்கிறது. தனிமத்தின் இயல்பு அது சேர்ந்திருக்கும் இடத்தையும் பொறுத்தது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

விலக்கியதே வழியாயிற்று

இதுவரை கூறியவற்றில் காந்தத் தனிமம், கேடு செய்யாமல் ஒதுங்கி நின்றது. துணையாகவே நின்றது எனக் கருதத்தக்க சான்றும் உண்டு. 1979ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஸ்டெக்லிஷும் தோழர்களும் சீரியம், செம்பு, சிலிக்கன் ஆகியவை சேர்ந்த ஒரு சேர்மம் ஏறத்தாழ அரைக் கெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டனர். சீரியம் காந்தத் தனிமம். அதனை நீக்கிக் காந்தத்தன்மையற்ற லாந்தனத்தை அவ்விடத்தில் வைத்தால் மீக்கடத்து நிலையே தோன்றவில்லை. பழைய விதியின்படி நோக்கினால் நிகழ வேண்டியது இதற்கு நேர்மாறானது அன்றோ!

1986ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் பெட்னோர்ஸ், முல்லர் ஆகிய இருவரும் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பொருள் 30 கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் மீக்கடத்தத் தொடங்குவதைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே நோபெல் பரிசு பெற்றனர். இதன் தாய்ச்சேர்மமான லாந்தனச் செம்பு ஆக்சைடு ஆக்சிஜன் கொண்டது, மின்கடத்தாதது, செம்பு அணுக்கள் எதிர் அயக்காந்தமாய் அணிவகுத்தது. விலக்குக என்று கூறப்பட்ட மூன்றும் ஒருங்கே அமைந்த பொருள் அது. 1980ஆம் ஆண்டில் மறைந்த மத்தியாஸ் இதனைக் காணவில்லை.

1987ஆம் ஆண்டில் லாந்தனத்திற்குப் பதிலாக யிட்ரியம் சேர்ந்த செம்பு ஆக்சைடு ஏறத்தாழ 92 கெல்வினில் மீக்கடத்தியாயிற்று. விலை மிகுந்த திரவ ஹீலியம் இன்றி, 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டே குளிர்விக்கலாம் என்னும் நிலை வந்தது. அப்பொருளில் யிட்ரியத்தை அறவே நீக்கி, அவ்விடத்தில் கடோலினியத்தை நிரப்பிப் பார்த்தனர். மாறுநிலை வெப்பநிலை 90 கெல்வினுக்கு மேலேயே நின்றது. 1958இல் நூற்றுக்கு ஒரு பங்கில் மீக்கடத்தலை அழித்த அதே கடோலினியம், இங்கே தனக்குரிய இடம் முழுவதையும் நிறைத்தும் தீங்கு செய்யவில்லை. மின்சாரம் ஓடுவது செம்பும் ஆக்சிஜனும் அமைந்த தளங்களில். கடோலினியம் இருப்பதோ அத்தளங்களுக்கு இடையில். மாறாக, காந்தத்தன்மையற்ற துத்தநாகத்தைச் செம்பின் இடத்தில் சிறிதளவு சேர்த்தாலும் மாறுநிலை வெப்பநிலை கடுமையாகத் தாழ்கிறது. காந்தத் தனிமமாகிய நிக்கல் செய்யும் கேடு அதனினும் குறைவு. பகை யார், நட்பு யார் என்பது இங்கே தலைகீழாயிற்று.

இரும்பின் முறை

எல்லாவற்றினும் கடைசியாக ஐயத்திற்கு இடமளித்தது இரும்பு. 2001ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஷிமிசுவும் தோழர்களும், தூய இரும்பே 15 முதல் 30 கிகாபாஸ்கல் வரையிலான அழுத்தத்தில் 2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகும் என்று காட்டினர். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்றரை இலட்சம் முதல் மூன்று இலட்சம் மடங்கு. ஆயினும், அவ்வழுத்தத்தில் இரும்பு தன் அயக்காந்தத்தை இழந்துவிடுகிறது. எனவே பழைய விதி அப்போதும் தப்பிப் பிழைத்தது எனலாம்.

2008ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஹோசோனோ குழுவினர் வெளியிட்ட செய்தி அவ்வாறு சமாதானம் கூற இடம் தரவில்லை. லாந்தனம், இரும்பு, ஆர்செனிக், ஆக்சிஜன் சேர்ந்த சேர்மத்தில் ஆக்சிஜனின் ஒரு பகுதியை நீக்கி ஃபுளோரினைப் புகுத்தியபோது 26 கெல்வினில் மீக்கடத்து நிலை தோன்றியது. சில திங்களுக்குள் லாந்தனத்தின் இடத்தில் சமாரியத்தை வைத்து 55 கெல்வின் வரை உயர்த்தினர். ஃபுளோரின் சேராத தாய்ச்சேர்மத்தில் இரும்பு அணுக்கள் ஏறத்தாழ 140 கெல்வினில் எதிர் அயக்காந்தமாய் அணிவகுப்பவை. இங்கே மின்சாரம் ஓடும் தளமே இரும்புத் தளம்தான்.

இச்சேர்மம் 2008இல் புதிதாக ஆக்கப்பட்டதன்று. வேதியியலார் அதனை 2000ஆம் ஆண்டிலேயே ஆக்கி அதன் அமைப்பையும் வெளியிட்டிருந்தனர். ஹோசோனோ குழுவினரும் முதலில் மீக்கடத்தியைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். புதிய வகைக் குறைகடத்திகளைத் தேடியவர்கள். இரும்பு உள்ள இடத்தில் மீக்கடத்தி இராது என்ற நம்பிக்கை, அப்பக்கம் திரும்பிப் பார்க்கும் ஆவலைக் குறைத்திருந்தது.

2016ஆம் ஆண்டில் ரூபிடியம், யுரோப்பியம், இரும்பு, ஆர்செனிக் சேர்ந்த மற்றொரு சேர்மம் வந்தது. 36 கெல்வினில் அது மீக்கடத்தியாகிறது. அதிலுள்ள யுரோப்பியத்துக்குக் கடோலினியத்தைப் போலவே ஏழு தனி எலக்ட்ரான்கள் உண்டு. அவை 15 கெல்வினில் காந்த ஒழுங்கு பெற்ற பின்னும் மீக்கடத்து நிலை தொடர்கிறது.

காந்தம் இருந்தால்தான் மீக்கடத்தல்

இன்னும் ஒரு படி மேலே சென்ற பொருள்கள் யுரேனியச் சேர்மங்கள். யுரேனியமும் ஜெர்மானியமும் சேர்ந்த ஓர் அயக்காந்தப் பொருள், ஏறத்தாழ 1 முதல் 1.6 கிகாபாஸ்கல் வரையிலான அழுத்தத்தில், 1 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாவதை 2000ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர்களும் பிறரும் வெளியிட்டனர். அழுத்தத்தை மேலும் கூட்டி அயக்காந்தத்தை அழித்தால் மீக்கடத்து நிலையும் உடன் அழிகிறது. அதாவது, இப்பொருளில் காந்தம் உள்ள எல்லைக்குள்தான் மீக்கடத்தல் உண்டு.

இதன் விளக்கம் இணையின் அமைப்பில் இருப்பதாக அறிஞர் கருதுகின்றனர். இங்கே இணைசேரும் இரு எலக்ட்ரான்களும் எதிரெதிராக அன்றி ஒரே திசைத் தற்சுழற்சி உடையனவாக இருக்க வேண்டும். திடலில் இருவரும் கிழக்கு நோக்கியே கைகோத்து நின்றால், கிழக்கே திரும்புக என்னும் ஆணை அவர்களைப் பிரிப்பதற்கு இல்லை. யுரேனியம், ரோடியம், ஜெர்மானியம் சேர்ந்த மற்றொரு பொருளில் 2005ஆம் ஆண்டில் கண்ட செய்தி இதற்கு வலுவூட்டுகிறது. 2 டெஸ்லா அளவான காந்தப்புலம் அதன் மீக்கடத்து நிலையை அழிக்கிறது. புலத்தை மேலும் வலுப்படுத்தினால், 8 முதல் 13 டெஸ்லா வரையில் அந்நிலை மீண்டும் தோன்றுகிறது!

செம்பு ஆக்சைடுகளிலும் இரும்புச் சேர்மங்களிலும் எலக்ட்ரான்களை இணைப்பது அணுக்களின் நுண்காந்த அசைவுகளே என்பது அறிஞர் பலரின் கருத்து. அதனை ஐயமற நிறுவும் முயற்சி இன்றும் நடைபெறுகிறது. பயனைப் பொறுத்தவரை, கடோலினியம் போன்ற அருமண் தனிமம் கலந்த செம்பு ஆக்சைடு நாடாக்கள் வலிய மின்காந்தங்கள் செய்யப் பயன்பட்டு வருகின்றன.

விதியும் விலக்கும்

இவ்வரலாற்றை நோக்குங்கால், 1958ஆம் ஆண்டுச் சோதனை பிழையானது என்று யாரும் கூற இயலாது. இன்றும் லாந்தனத்தில் கடோலினியத்தைக் கலந்தால் அதே கேடுதான் நிகழும். பிழை நேர்ந்தது அம்முடிவை எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக விரித்த இடத்தில். காந்த அணு மீக்கடத்தலைக் கெடுக்கும் என்பதோடு நில்லாமல், அவ்வணு எவ்விடத்தில் அமர்ந்துள்ளது, அதன் காந்தம் எவ்வகை ஒழுங்குடையது, எலக்ட்ரான்கள் எவ்வாறு இணைசேர்கின்றன என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே இன்று அறிந்த உண்மை.

வகுப்பறையில் விதிகளைக் கற்பிப்போருக்கு இதில் பயன் உண்டு. காந்தத்தால் பொருள்களை இரு குவியலாகப் பிரிக்கும் மாணவன் செய்வது சரியே. அவ்விரு குவியல்களையும் மேசைமீதே விட்டுவைத்து, எந்த நிலையில் பிரித்தாய், வேறு நிலையில் வேறாகுமோ என்று அவனைக் கேட்பதும் பாடத்தின் ஒரு பகுதியாக வேண்டும். இரும்பாணி கிடக்கும் குவியலில் மீக்கடத்தி இராது என்று கருதிய காலம் 2008ஆம் ஆண்டோடு முடிந்தது.